எதிர்வீட்டு அக்காவும் என் முதல் சோப்பும்

சிங்காநல்லூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவர் கையைப் பிடித்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று நிறுத்துவார். நம் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, ஒண்ணு சொல்லோணுமுங்க" என்பார். அதற்குப் பிறகு வருவது உண்மையாக இருக்கும். தப்பிக்க முடியாது, கை அவரிடம் இருக்கிறது.

கோயம்புத்தூரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் முகத்துக்கு நேராக யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. காபி கழுநீராக இருந்தாலும் "அருமைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்போம். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பாக்கலாமுங்க" என்போம். அதைப் புரிந்துகொள்வது கேட்பவர் பாடு. இப்படிப்பட்ட ஊரில், அதே 'ங்க' போட்டு, அதே மெல்லிய குரலில், உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒரு மனுஷி இருந்தால் என்ன ஆகும்? அக்காவைக் கண்டதும் பாதிப் பேர் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கினார்கள்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றே எனக்கு முதல் அனுபவம். வந்தவர்கள் எல்லாரும் "நல்ல காத்தோட்டமுங்க, நல்ல வெளிச்சமுங்க" என்று புகழ்ந்துவிட்டுப் பாலைக் குடித்தார்கள். அக்கா ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. மத்தியானத்துக்கு மேல அந்த ரூமுல உக்கார முடியாதுங்க. மேக்கு வெயில் அப்படியே உள்ள வந்துரும். கட்டிலை இந்தப் பக்கம் போட்டுக்குங்க."

புது வீட்டில் முதல் நாளே இப்படியா என்று எனக்குச் சுருக்கென்றது. பங்குனி பிறந்ததும் கட்டிலை அவர் சொன்ன பக்கம் தள்ளிப் போட்டோம்.

ஒரு கல்யாணத்தில் இதைவிடப் பெரிய கூத்து. பந்தியிலிருந்து எழுந்து வருபவர்களிடம் பெண்ணின் அப்பா கைகூப்பி, "சாப்பாடு எல்லாம் நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அது கேள்வியே இல்லை. கைகூப்புவதன் ஒரு பகுதி. அக்கா நின்று யோசித்தார். "ரசம் ரொம்ப நல்லா இருந்துதுங்க. பருப்புல உப்பே இல்லீங்க" என்றார். அவருடைய கணவர் அதற்குள் செருப்பு விட்டிருந்த இடத்துக்கே போய்விட்டார். அக்கா ஆரம்பிக்கும்போது அவர் எப்போதும் அங்கே இருக்கமாட்டார், அவ்வளவு பழக்கம். பெண்ணின் அப்பா முகம் செத்துவிட்டது. ஆனால் சமையற்கட்டுக்கு ஆளை அனுப்பினார். அடுத்த பந்தியில் உட்கார்ந்தவர்கள் நல்ல பருப்பு சாப்பிட்டார்கள். அது யாருடைய புண்ணியம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதை அவர் அடுத்தவர்களுக்கு மட்டும் செய்யவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. தேங்காய் வாங்க வந்த வியாபாரியிடம், "இந்தத் தடவை காய் சின்னதுங்க, தண்ணி பத்தலீங்க" என்று அவரே சொல்வார். வியாபாரி தன் காதையே நம்பாமல் நிற்பார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளின் குறையைப் பேசுவது அவருக்கு அசிங்கம். நாங்கள் எல்லாரும் நேர் எதிர். முகத்துக்கு நேராகத் தேன், ஆள் போனதும் பச்சை மிளகாய்.

அக்காவின் தோப்பு எண்ணெயில்தான் நான் முதன்முதலாகச் சோப்பு செய்தேன்.

நான் வேதியியல் ஆசிரியை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆனால் ஒரு முறையாவது செய்து பார்த்ததில்லை. ஒரு விடுமுறையில் யாரோ ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் சோப்பு செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு அலட்டல் என்று களத்தில் இறங்கினேன். அக்கா செக்கில் ஆட்டிய எண்ணெய் இரண்டு லிட்டர் பாட்டிலில் கொடுத்தார். காஸ்டிக் சோடா, வேப்பிலைப் பொடி, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் வாங்கி வந்தேன்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டியதும் நெருப்பு இல்லாமலே பாத்திரம் கொதித்தது. மூக்கைக் குத்தும் ஆவி கிளம்பியது. பம்ப் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கும் என் கணவர் பாதுகாப்பில் கெட்டிக்காரர். ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றார். எண்ணெயில் காரத் தண்ணீரை ஊற்றி மத்தால் கடைந்தேன். கடைந்தேன் கடைந்தேன், கை கழன்று விழுகிற வரைக்கும் கடைந்தேன். கடைசியில் தோசைமாவு பதத்துக்கு வந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றி மூடி வைத்தேன். அன்று மாலை துண்டின் மேல் கை வைத்துப் பார்த்தால் கதகதவென்று இருந்தது. உள்ளே உயிருள்ள ஏதோ ஒன்று இருப்பது போல எனக்கு ஒரே பரவசம். மறுநாள் கத்தியை விட்டு அறுத்தால் வில்லை வில்லையாக, இளம்பச்சையில், ஓரம் கூர்மையாக... என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பொருளை நான் செய்ததே இல்லை. குழந்தைகளைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் காய வைக்க வேண்டும் என்று அந்த வீடியோப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு ஏது பொறுமை? இரண்டு வாரத்திலேயே காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாராட்டு என்றால் அப்படி ஒரு பாராட்டு. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற பேங்க்காரர், "டீச்சரம்மா, தேச்சா ஒடம்பே சுறுசுறுன்னு ஆயிருதுங்க" என்றார். மாடிவீட்டு அம்மா, "கண்ணுல ஒத்திக்கறாப்பல இருக்குதுங்க. விசேஷத்துக்குப் போட்டுக்கலாம்னு பத்திரமா எடுத்து வெச்சுப்போட்டேன்" என்றார். இன்னொருவர், "எங்க ஊட்டுக்காரரு இன்னொண்ணு கெடைக்குமான்னு கேக்கறாருங்க" என்றார். என் கணவர் "சூப்பர்" என்றார். எனக்கே குளிக்கும்போது கொஞ்சம் எரியத்தான் செய்தது. வேப்பிலை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரு பொருள் செய்ய வந்துவிட்டது என்றால் மறுநாளே கம்பெனிக்குப் பெயர் யோசிப்பார்கள். நானும் யோசித்தேன். பெயர் கிடைத்துவிட்டது. காந்திபுரத்தில் ஸ்டிக்கர் அடிக்கும் கடையில் விசாரித்துவிட்டு வந்தேன். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் என் சோப்பு' என்று அறிவிப்பும் போட்டேன். கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன.

அன்று மாலை அக்கா வந்தார். உட்காரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. உங்க சோப்பு கடிக்குதுங்க."

"வேப்பிலை போட்டிருக்கேனுங்க்கா, அதனால..."

"வேப்பிலை கசக்குமுங்க. கடிக்காதுங்க" என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. "மொத நாளே சொல்லலாம்னுதான் இருந்தேன். நாலு தடவை போட்டுப் பாத்துட்டுச் சொல்லுவோம்னு பொறுத்துக்கிட்டேனுங்க. என்ற தோப்பு எண்ணெய் கொழந்தை மேலுக்குத் தேய்க்கறது. அது கடிக்காது. நடுவுல வேற என்னமோ ஆயிப்போச்சு."

"மத்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்களே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கையைக் காட்டச் சொன்னீங்களா?"

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறாமை, வேறென்ன, என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வழக்கம்போல், "இருக்கும்" என்றார்.

ஆனால் அந்தக் கேள்வி காதிலேயே நின்றுவிட்டது. மறுநாள் லிஃப்டில் பேங்க்காரரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கார் நிறுத்தும் இடத்தில் 'இன்னொண்ணு கேட்ட' வீட்டுக்காரர் மும்முரமாக பைக் செயின் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காகிதம் பிரித்த என் இளம்பச்சை வில்லை. "கிரீஸு என்னமா போகுதுங்க டீச்சர்!" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு.

ஒரு வில்லையைப் பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நனைத்து பி.ஹெச். தாளை வைத்தேன். தாள் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. எங்கே தப்பு என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு லிட்டர் எண்ணெயை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொண்டு காஸ்டிக் சோடா போட்டிருக்கிறேன். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ வராது. அடர்த்திப் பாடம் நடத்துகிற ஆள் நான்! எண்ணெயோடு சேராமல் மிஞ்சிய காரம்தான் ஊரார் கையையெல்லாம் பதம் பார்த்திருக்கிறது.

சோப்பில் சின்னக் குறை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் அத்தனையும் வந்து சேர்ந்தன. "அது அப்பவே தீந்து போச்சுங்க" என்று சொன்னவர்கள் வீட்டிலிருந்துகூட முழு வில்லை வந்தது. மாடிவீட்டு அம்மா முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. இத்தனை பேரில் என் சோப்பை நான்கு முறை தேய்த்துக் குளித்தது அக்கா மட்டும்தான். அது தெரிந்ததும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளே போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து, "இந்தவாட்டி தராசுல போட்டு நிறுத்துக்குங்க" என்று கொடுத்தார். நிறுத்துக் கடைந்து, ஊற்றி, அறுத்து, பரண்மேல் தட்டில் அடுக்கிக் காய வைத்தேன். இந்த முறை ஒரு நாளும் குறைக்காமல் காத்திருப்பது என்று முடிவு.

அந்த வில்லைகள் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அக்கா மகனுக்குக் கல்யாணத்துக்கு மூன்றாவது இடம் வந்தது.

மகன் ஊருக்குள் கணபதி என்ற பகுதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தான். முப்பதைத் தாண்டிவிட்டான். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண்கள் நன்றாகப் படித்துவிட்டார்கள், எண்ணிக்கையும் குறைவு. தோப்பு, வீடு, கார் எல்லாம் வைத்துக்கொண்டு பையன்கள் தலையில் நரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது தேடி வந்த இரண்டு இடங்களை அக்கா தன் வாயாலேயே தட்டிவிட்டிருந்தார். பெண் வீட்டார், "பையன் எப்படிங்க?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்க, அக்கா சொல்லிவிட்டார். முதல் இடத்தில், "போட்டோ மூணு வருசம் முந்தி எடுத்ததுங்க. இப்ப முன்னால முடி அவ்வளவு இல்லீங்க." இரண்டாவது இடத்தில், "கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு வாயே தொறக்க மாட்டானுங்க. நாமளாப் போய்ப் பேசோணும்."

இரண்டாவது இடம் போனதும் அவன் கோபித்துக்கொண்டான். இரண்டு நாளில் தீரவில்லை. அம்மாவோடு பேச்சே இல்லை. "அம்மாகிட்ட சொல்லுங்க, சாப்பாடு வேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்வான். அம்மா ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் என் வீட்டில் மாநாடு போட்டார்கள். அக்காவின் வாயைக் கட்ட வேண்டும். கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த முறை நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "அக்கா, ஒரு பொழுதுக்கு மட்டும். அவங்க வந்து போற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க்கா."

அவர் குனிந்து என் பிடியைப் பார்த்தார். பிறகு, "என்ற பையன் என்னைய அம்மான்னு கூப்புட்டு ரெண்டு மாசமாச்சுங்க அம்மிணி" என்றார். அவர் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. "வாயவே தொறக்க மாட்டேனுங்க. நீங்களே கூட இருந்து பாத்துக்குங்க."

சொன்னபடியே செய்தார். பெண்ணின் அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். பெண் பார்மசி படித்து வேலைக்குப் போகிறாள். வருகிற ஒறம்பரைக்கென்று, விருந்தாளிகளாயிற்றே, நான் ஒப்புட்டு சுட்டுக் கொண்டுபோயிருந்தேன், தேங்காய்ப் போளிதான். எல்லாரும் "அருமைங்க" என்று சாப்பிட்டார்கள். மிச்சத்தைப் பெண்ணுக்கென்று டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அக்கா மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பல் பிடுங்கிவிட்டு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் ஒரு தலையசைப்பு. பட்டறை எப்படி? தலையசைப்பு. தோப்புக்குத் தண்ணீர் இருக்கிறதா? தலையசைப்பு.

நேரம் ஆக ஆகப் பெண்ணின் அப்பா முகம் மாறிக்கொண்டே வந்தது. கிளம்புவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்க பையனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றார் அக்காவைப் பார்த்து.

நான் பாய்ந்தேன். "பையன் தங்கமுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். "அதேதானுங்க எல்லாரும் சொல்றாங்க. பட்டறைப் பக்கத்துல கேட்டோம், டீக்கடைல கேட்டோம், கீழ வாட்ச்மேனைக் கேட்டோம். தங்கம், தங்கம்னுதான் சொல்றாங்க." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மகளைக் கொடுக்கப் போகிற மனிதர். அவருக்கு ஊர் முழுக்கத் தங்கம் கிடைத்தும் ஒரு பிடி தைரியம் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷம் என் சோப்புக்கு வந்த பாராட்டெல்லாம் காதில் விழுந்தது. என்னையும் அறியாமல், "அக்கா, சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டேன். அக்காவின் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. செருப்புப் பக்கம் போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்ற மகனைப் பார்த்தார்.

"சொல்லட்டுமா கண்ணு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு, "சொல்லிப்போடுங்கம்மா" என்றான்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த 'அம்மா'. அக்கா ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டார். எழுந்துபோய்ப் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்குக் கோவம் வருமுங்க. கத்த மாட்டான், பேச்சை நிறுத்திக்குவான். அது கத்தறதைவிடக் கஷ்டமுங்க. காலைல நேரத்துல எந்திரிக்க மாட்டான். தின்ன தட்டு போட்ட எடத்துலயே இருக்கும். முடி போயிட்டே இருக்குதுங்க, அவங்கப்பாவைப் பாத்தாத் தெரியும். எனக்கு ஒடம்புக்கு முடியலீன்னா மிஷினை நிறுத்திப்போட்டு வந்து கதவுகிட்ட உக்காந்துக்குவானுங்க. என்ன பண்ணுதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான். எந்திரிச்சுப் போகவும் மாட்டான். அவ்வளவுதானுங்க."

அந்த மனுஷி தன் மகனைப் பாராட்டி அதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசியில் சொன்னது குறையா பாராட்டா என்று பெண் வீட்டாருக்குப் புரிந்ததோ என்னவோ, அவனுக்குப் புரிந்தது. திரும்பிக் கைகழுவும் பக்கம் போய்விட்டான்.

பெண்ணின் அப்பா எழுந்து, "போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வாரம் போனது. தாக்கல், தகவல் ஒன்றும் இல்லை. இன்னொரு வாரமும் போனது. குடியிருப்பில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. முகத்துக்கு நேராகத்தான் சொல்லமாட்டார்களே. நான் லிஃப்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பரணில் சோப்பு காய்ந்து முடிந்திருந்தது. ஒன்றை மட்டும் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எது சொன்னாலும் தகும்.

"சோப்பு நல்லாருக்குதுங்க அம்மிணி" என்றார். "இப்ப நல்லாருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது போத்தனூருக்கு வந்துவிட்டோம். இங்கேயும் சோப்பு செய்கிறேன், இங்கேயும் எல்லாரும் சூப்பர் என்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை கேட்டபோது வந்த நிறைவு அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் பக்கத்தில் இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்று அழுதுகொண்டிருந்த என்னை அவர் தேற்றிக்கொண்டு நின்றபோதுதான் எதிர்வீட்டிலிருந்து அவர் கணவர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே மகன். மேட்டுப்பாளையத்திலிருந்து அழைப்பு. அக்காவிடம்தான் பேச வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டு என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தோம்.

"அக்கா, நேரமாயிப்போச்சுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார் பெண்ணின் அப்பா. "ஊரெல்லாம் தங்கம் தங்கம்னு சொன்னப்ப எங்களுக்குப் பயமாத்தானுங்க இருந்துது. உங்க வாயில நாலு குறை கேட்டதுக்கப்பறம்தான் ஊட்டுல நிம்மதியாத் தூங்குனோம். இவ்வளவுதான் குறைன்னா சமாளிச்சுக்கலாமுங்க. எங்களுக்குப் பூரண சம்மதம்."

மகன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அக்காவின் கணவர் கைகூப்பினார், போனைப் பார்த்து. அக்கா மட்டும் அசையவில்லை.

"ரொம்ப சந்தோசமுங்க. அப்பிடியே உங்க புள்ளையோட குறையையும் சொல்லிப்போடுங்க."

அக்காவின் கணவர் சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க பொண்ணுங்களா? அது... அது தங்கமுங்க."

"அந்தத் தங்கத்தை நாங்களும் நாலு எடத்துல கேட்டுப்போட்டோமுங்க" என்றார் அக்கா. "நீங்க சொல்லுங்க."

அவர் திணறுவது கேட்டது. பிறகு ஏதோ இழுபறி, "குடுங்கப்பா" என்று ஒரு குரல். போன் கைமாறியது.

"அத்தை, நான் பேசறேனுங்க. எனக்குச் சமையல் வராது. கத்துக்கோணும்னு ஆசையும் இல்லீங்க. வேலையை விட மாட்டேன். கோவம் வந்தா எனக்கு வாய் நிக்காது, பொரிஞ்சு தள்ளிருவேன். பேசாமப் போற ஆளை நான் சும்மா விட மாட்டேனுங்க, ரூமுக்குள்ள போயிச் சண்டை போடுவேன். அப்பறம்... நீங்க குடுத்துவிட்ட ஒப்புட்டு நல்லாவே இல்லீங்க. தேங்காய் சிக்கு வாடை அடிச்சுது. அம்மா நல்லாருந்துதுன்னு சொன்னாங்க, டப்பாவுல இருந்ததை அவுங்களும் திங்கலீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, என் வீட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மகனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அத்தை? இருக்கீங்களா? கோச்சுக்கிட்டீங்களா?" என்று போனில் கேட்டது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். காதோடு வைத்துக்கொண்டு, இத்தனை காலம் தன்னோடு பேச ஒரு ஆள் இல்லாமல் இருந்தவர் போல, "நீ எப்பக் கண்ணு நம்மூட்டுக்கு வாரே?" என்று கேட்டார்.